பன்னிரண்டாவது கட்டிலின் பறவை

பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். மைசூரில் ஒரே மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். லிஃப்ட் வருவதற்குள் மாடி ஏறிவிடுகிற ஆள். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கத் தெரியாமல் பாதிப் பாலை அடுப்புக்கே கொடுத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு மீன்கொத்தி தலையைத் திருப்பும் என்று முக்கால் மணி நேரம் சேற்றில் நின்றிருக்கிறேன் என்றால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, பிடிவாதம்.

கேமரா என் கைக்கு வந்ததே தலைகீழான கதை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் இறுகிப்போய்விட்டது. கையை உயர்த்தித் தலை சீவ முடியாது. எங்கள் எலும்பு டாக்டரிடம் காட்டப் போனேன். அவருடைய அறைச் சுவரில் ஒரு பனங்காடை, இறக்கையின் நீலம் முழுவதையும் விரித்தபடி, சட்டத்துக்குள் பறந்துகொண்டிருந்தது. தோளைப் பற்றி அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. இது எங்கே எடுத்தது என்று கேட்டேன். நஞ்சன்கூடு போகிற வழியில், மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது என்றார். அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கம்பியில் காக்கையைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. டாக்டர் அப்போதுதான் புதுக் கேமரா வாங்கியிருந்தார், பழையது சும்மா கிடந்தது. தோளுக்கு வைத்தியம் பார்க்கப் போனவள் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கிற லென்ஸோடு வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் அதை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல வைத்தியருதான் போ. தோளு நோவுதுன்னு போனவளுக்குச் சொமையைக் குடுத்து அனுப்பியிருக்காரு" என்றார்.

அவர் ஹனூர் பக்கத்துக்காரர். மைசூரில் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியும் அந்த ஊர்ப் பேச்சு தேயவில்லை. நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி கன்னடம் என்று அவருக்கு எப்போதும் ஒரு கேலி. பறவை விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது மூன்றே வகை: கோழி, காக்கை, மற்றவை. போதாக்குறைக்கு ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும். மாதா கோயிலில் அவர் முழங்கால் போட்டால் அந்த வரிசை பெஞ்சு முழுக்க லேசாக நடுங்கும், முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பறவைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்கு இவரைவிடப் பொருத்தமில்லாத மனிதர் ஊரில் கிடையாது. ஆனால் வண்டி ஓட்ட அவர்தான் இருந்தார்.

முதல் பயணம் ரங்கனதிட்டுக்கு. படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, என் தோளால் அந்த லென்ஸை ஐந்து நொடிகூடத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஸ்டாண்டை விரிக்கப் படகில் இடமில்லை. பாறையில் கரண்டிவாயன்கள் வரிசையாக நிற்கின்றன, படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு "பேக தெகீரி அம்மா" என்று அவசரப்படுத்துகிறார், எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு முன் பலகையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது தோளில் லென்ஸை வைத்தேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், ஒரு அதட்டு அதட்டினேன், பிறகு அவர் திரும்பவில்லை. அன்று எடுத்த முதல் அறுபது படங்கள் கலங்கலாக இருந்தன. கடைசி நாற்பதில் ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எட்டு வருடமாக எங்கள் வேலை முறை அதுதான். அவர் பறவையைப் பார்த்து நிற்பார். நான் அவர் பின்னால் நின்று அவருடைய தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டு லென்ஸை வைப்பேன். "ம்" என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு "ம்" வந்தால் விடலாம். பூசையில் பெஞ்சை ஆட்டுகிறவர் எப்படி அப்படிச் சிலையாக நின்றார் என்று நான் யோசித்ததே இல்லை. படம் நன்றாக வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே கிளம்புவோம். அதற்காகவே சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாறிக்கொண்டோம். விஜயநகரில் எங்கள் தெருவில் நாய்கூட எழுந்திருக்காத நேரத்தில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஹதினாறு ஏரியில் குளிர்காலத்தில் வந்து இறங்குகிற வரித்தலை வாத்துகளை நெல்வயல் வரப்பில் இருவரும் படுத்து, அவர் தோளில் லென்ஸை வைத்து எடுத்திருக்கிறோம். இமயமலையைத் தாண்டி வந்த வாத்துகள், எங்கள் பக்கத்து உழவரின் வயலில் சொந்த வீடு மாதிரி நடந்து மேய்ந்துகொண்டிருந்தன. கபினிக் கரையில் ஆற்று ஆலாக்கள், பிளிகிரிரங்கன் மலையில் மழைக்கு ஒதுங்கிய கொண்டைக்குருவி, எங்கோ ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் கூடு கட்டிய தேன்சிட்டு. அந்தக் கடையில் நாங்கள் ஐந்து டீ குடித்தோம், தேன்சிட்டுக்காக இரண்டு, மீதி மூன்றும் வெட்கத்துக்காக.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? வீட்டில் இருந்தால் ஒரு நாளில் நூறு கவலை வரும். குழாயில் தண்ணீர் வரவில்லை, மகள் போன் பண்ணவில்லை, முழங்கால் வலி. லென்ஸுக்குப் பின்னால் போய்விட்டால் ஒரே ஒரு கேள்விதான்: அது இந்தப் பக்கம் திரும்புமா? திரும்பிவிட்டால் அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. திரும்பி வரும்போது ரோட்டோரக் கடையில் தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேமராத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். அவர் எட்டிப் பார்த்து "அட, நல்லாத்தான் இருக்குது" என்பார். எல்லாப் படத்துக்கும் அதே வார்த்தைதான். பறவைமேல் அவருக்கு ஆர்வம் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டைப் புதுப்பித்தார்கள். பன்னிரண்டு கட்டில். வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் என்னோடு பல வருடம் வேலை பார்த்த கன்னியாஸ்திரி. அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். கட்டிலுக்கு நம்பர் வேண்டாம், ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு பறவைப் படம், கீழே அதன் பெயர். பிள்ளைகள் "நான் மீன்கொத்தி", "நான் வாத்து" என்று சொல்லிக்கொள்ளட்டும். படங்கள் என்னுடையவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே உட்கார்ந்து பன்னிரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் என் புத்தி என்னைக் காட்டிக்கொடுத்தது. பெரிதாகப் போட்டு மாட்டுகிற மாதிரி என்னிடம் நல்ல படம் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதாக நான் எழுதியது ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கை அடிக்கும், அதனால் அந்தப் பெயர். கன்னடத்தில் நவரங்க. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, வால் தொடங்கும் இடத்துக்குக் கீழே சிவப்பு, இறக்கையில் நீலம், கண்ணுக்கு மை இட்ட மாதிரி கருப்புப் பட்டை. மழை ஓய்ந்ததும் வடக்கிலிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போய்விடும். தரையில் சருகைப் புரட்டித் தின்னும், புதரை விட்டு வெளியே வராது. மருத்துவமனை மதிலுக்கு அப்பால் ஒரு பழைய தோப்பு உண்டு. ஒவ்வொரு வருடமும் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அங்கிருந்து அது கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. இந்தக் குளிர்காலத்தில் எடுத்துவிட மாட்டேனா என்ற தைரியத்தில் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் பொறுமையில்லாதவள் என்றால் சிஸ்டர் என்னைவிட ஒரு படி மேல். ஒரு வாரத்துக்குள் பெயிண்டரை வைத்துப் பன்னிரண்டு பெயர்களையும் சுவரில் எழுதி முடித்துவிட்டார். தேவராஜ மொஹல்லாவில் பிரிண்ட் போட்டு, மண்டி மொஹல்லாவில் சட்டம் அடித்து, பதினொரு படத்தை மாட்டினோம். பன்னிரண்டாவது கட்டிலுக்கு மேலே வெறும் ஆணி, அதற்குக் கீழே அழகான கன்னட எழுத்தில் "நவரங்க".

ஜனவரியில் மறைமாவட்ட ஆயர் வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வார்டை மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் அந்தக் குருவி கிடைக்க வேண்டும். நவம்பர் முழுக்க அலைந்தோம். குக்கரஹள்ளி, லிங்காம்புதி, சாமுண்டி மலையடிவாரம். சத்தம் கேட்கும், ஆள் வராது. இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தேன், காரணமில்லாமல் வேலைக்காரம்மாவிடம் எரிந்து விழுந்தேன். பன்னிரண்டாவது கட்டிலில் படுக்கப்போகிற பிள்ளை வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர் மோரை என் தட்டில் ஊற்றினார்.

டிசம்பரில் ஹனூருக்கு அப்பால் இருக்கிற அவருடைய அண்ணன் தோட்டத்துக்குப் போனோம். ஓடைக் கரையில் மூங்கிலும் முள்ளும் மண்டிக் கிடந்தது. சாயங்காலம் நாலரை மணி. அவர் புதரைப் பார்த்து நின்றார், நான் தோளில் லென்ஸை வைத்தேன். பத்து நிமிடத்தில் சீழ்க்கை கேட்டது. மிகப் பக்கத்தில். இன்னொன்று. அடுத்த நொடி அந்தக் குருவி புதரை விட்டு வெளியே குதித்து, விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் ஏறி நின்றது. நெஞ்சை நிமிர்த்தி, தலையை அண்ணாந்து, எங்களைப் பார்த்தே கூப்பிட்டது. வெயில் சாய்ந்து அதன்மேல் விழுந்தது. இருநூறு படம் எடுத்தேன். வீடியோவும் எடுத்தேன். அவருடைய தோள் அசையவே இல்லை. அது புதருக்குள் போனதும் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அன்று ராத்திரி அவருடைய அண்ணி போட்ட களியை மூன்று உருண்டை சாப்பிட்டேன்.

சட்டம் அடிக்கிற கடைக்காரர் அந்தப் படத்தை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டார், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மகளுக்கு வீடியோவையும் அனுப்பலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காதில் மாட்டிக் கேட்டேன். சீழ்க்கை. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் சீழ்க்கை. அதற்குப் பிறகு, மெல்லிய குரலில், ஒரு பெண் கன்னடத்தில் பேசத் தொடங்கினாள். "நமஸ்காரா, நிம்ம மனெ நீரு..." வணக்கம், உங்கள் வீட்டுத் தண்ணீர் என்று தொடங்குகிற அந்த விளம்பரம். அவ்வளவுதான், சட்டென்று நின்றுபோனது.

மூங்கில் புதருக்குள் யார் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்கிறார்கள்? நான்கு முறை போட்டுக் கேட்டேன். ஐந்தாவது முறை போடவில்லை, காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன். கேமராவின் மைக்கு இருந்தது அவருடைய காதுக்குப் பக்கத்தில். அவருடைய சட்டைப் பையில் என்ன இருந்தது என்பது பின்னால் நிற்கிற எனக்குத் தெரியாது, குருவியைக் கண்ட பரபரப்பில் அந்தக் குரலும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் வீட்டில் பறவைப் படம் எடுப்பதற்கு இரண்டே விதி. தீனி வைத்துக் கூப்பிடக் கூடாது. போனில் குரல் போட்டுக் கூப்பிடக் கூடாது. ஏரிக்கரையில் யாராவது போனை நீட்டினால் போய்ச் சண்டை பிடிக்கிறவள் நான். அவர் அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

சமையலறையில் அவர் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார். மைசூரில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு அந்த வேலைதான்.

"போன்ல கத்த வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

கை நின்றது. கால் மட்டும் ஆடியது. "தெரிஞ்சுபோச்சா?"

"எப்படித் தேடினீங்க?"

"போனுகிட்டச் சொன்னேன். நவரங்க ஹக்கின்னு கன்னடத்துல சொன்னாப் போதும், அதே போட்டுருது. நடுவால அந்தப் பொம்பளை வந்துட்டா. நான் டக்குனு அமுத்திட்டேன்."

"நான் எவ்ளோ சொல்லியிருக்கேன்! கோத்தில்லாத மாதிரி நடிக்காதீங்க. தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

"தெரிஞ்சுதான் பண்ணேன். நீ அழுதியல்லோ." பிதுக்கிய கொட்டையைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், உண்மையான ஆசையோடு கேட்டார்: "ஏம்புள்ள, நெம்பக் கிட்டத்துலயா வந்து நின்னுச்சு?"

எனக்குப் புரியவில்லை. "எதிர்லதானே நின்னீங்க! உங்க மூக்குக்கு நேரா நின்னுச்சு."

"நான் கண்ணை மூடிட்டுல்ல நின்னேன்."

"ஏன்?"

"எப்பவும் மூடிட்டுத்தான் நிப்பேன். தொறந்தா எனக்கு ஒடம்பு நிக்காது. பறக்கறது பக்கம் தலை போயிரும். படகுல மொத நாளு நீதான சொன்ன, சலைன் ஸ்டாண்டு திரும்பிப் பாக்குமா, ஸ்டாண்டுக்கு எதுக்குக் கண்ணுன்னு. அப்போருந்து மூடிக்கறேன். மூடிக்கிட்டா ஆடறதில்ல."

இதைச் சாதாரணமாகச் சொன்னார், மனக்குறையாக அல்ல. பஸ்ஸில் கியர் எப்படிப் போடுவது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என் வாய்தான். எட்டு வருடம், எத்தனை ஏரி, எத்தனை ஆறு. வண்டி ஓட்டிக்கொண்டுபோய், முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, என் "ம்"முக்கு மூச்சைப் பிடித்து. நான் படுத்து எடுத்த வாத்துகளை அவர் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவர் செய்ததற்காகத் திட்ட வந்தவள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் கொட்டையைப் பிதுக்கினேன். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நல்ல படம், சந்தேகமில்லை. ஆனால் இப்போது அந்த நெஞ்சு நிமிர்வு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. குளிர்காலம் முழுக்கத் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வாழ்கிற குருவி அது. திடீரென்று தன் இடத்தில் இன்னொரு குரல் கேட்கவும், யாரோ பிடுங்க வந்துவிட்டார்கள் என்று பதறி வெளியே ஓடிவந்திருக்கிறது. ஊசியோடு உள்ளே போகும்போது சில பிள்ளைகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து விறைத்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைத் தைரியம் என்பார்கள். எங்களுக்குத் தெரியும் அது என்ன என்று. பயந்த பிள்ளையின் தலைமாட்டில் பயந்த குருவியை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, எட்டு நாள்ல மந்திரிப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சிஸ்டர்."

"அப்போ ஒரு கிளிய மாட்டுங்க. பெயிண்டரைக் கூப்பிட்டுப் பேரை அழிச்சுடலாம்."

"ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுங்க" என்றேன். கொடுத்தார்.

அந்தத் தோட்டத்துக் குருவியை மறுபடி தொந்தரவு செய்ய இஷ்டமில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு மூங்கில் தோப்பு தெரியும், அங்கே போனோம். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் தானாகவே போனை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். காலையில் ஒரு தடவை சத்தம் கேட்டது, தூரத்தில். பிறகு ஒன்றுமில்லை. மதியம் புளிச்சோறு சாப்பிட்டோம். அவர் ஒரு மரத்தில் சாய்ந்து தூங்கினார். நான் சருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் அன்று என்னைப் பார்த்திருந்தால் யாரோ வேறு பொம்பளை என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தே முக்கால் வாக்கில், வெளிச்சம் வடிந்துகொண்டிருக்கும்போது, தோப்புக்குள்ளிருந்து அந்த இரண்டு சீழ்க்கை வந்தது. அவரை எழுப்பினேன். அவர் போய் நின்றார், நான் தோளில் துண்டைப் போட்டேன். ஒரு மூங்கில் தூருக்குப் பின்னால் சருகு அசைந்தது. முதலில் வால் தெரிந்தது. பிறகு முழுக் குருவியும் நிதானமாக வெளியே வந்து, ஒரு இலையைப் புரட்டி, கீழே பார்த்து, இன்னொரு இலையைப் புரட்டியது. எங்களுக்காக அது வரவில்லை. சாப்பிட வந்திருந்தது.

வெளிச்சம் மிகக் குறைவு. ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும். அவர் கல்லாக நின்றால் படம் வரும், ஒரு மூச்சு விட்டாலும் போச்சு. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அவருக்குக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். "ம்" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பக்கவாட்டில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. கண்களை அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தார், ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி. குருவி இன்னும் ஐந்து இலைகளுக்குமேல் அங்கே நிற்காது.

"கண்ணைத் திறங்க" என்றேன் அவர் காதில்.

அவர் தயங்கினார். "படம்?"

"திறங்க, பாருங்க."

நான் பட்டனை அமுக்குவதும் அவர் கண்ணைத் திறப்பதும் ஒன்றாக நடந்தது. தோள் தூக்கிப் போட்டது. லென்ஸ் எகிறியது. "அட!" என்றார், பஸ்ஸில் பின் சீட்டுக்குக் கேட்கிற குரலில். "இத்துனூண்டா?"

குருவி ஒரு தாவலில் இருட்டுக்குள் போய்விட்டது.

அவர் அப்படியே நின்றார். "நான் பெருசா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று அந்த இடத்தைப் பார்த்தே சொன்னார். "போட்டாவுல ஆளு உசரத்துக்கு இருக்குமே. இது என்ற கைக்குள்ள அடங்கிருமாட்ட இருக்குது. இத்தனை கலரையும் வெச்சுக்கிட்டு, இம்புட்டுத்தானா!" வண்டிக்கு நடந்து வரும்போது மூன்று முறை அதையே சொன்னார்.

மூன்று படம் பதிவாகியிருந்தது. மூன்றும் கலங்கல். அதில் ஒன்றில் பச்சை ஒரு கோடாக இழுபட்டு, நடுவில் நீலம் தீக்குச்சி உரசின மாதிரி பளிச்சிட்டு, மை இட்ட கண் மட்டும் எப்படியோ கொஞ்சம் தெளிவாக விழுந்திருந்தது. மறுநாள் காலை அதைத்தான் பிரிண்ட் போட்டேன். சட்டக் கடைக்காரர் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இது எந்தப் பக்கம் மேல் என்று கேட்டார்.

மந்திரிப்பு அன்று ஆயர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவது கட்டிலுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார், சுவரில் இருந்த பெயரைப் படித்தார், மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு துளி சேர்த்துத் தெளித்தார். சிஸ்டர் என்னை முறைத்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் டீக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர் மட்டும் வார்டிலேயே நின்றார். போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. முதல் கட்டிலுக்கு முன்னால், மீன்கொத்தியின் கீழே நின்றுகொண்டு, "இது நெசத்துல எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று கேட்டார்.

இரண்டு உள்ளங்கையையும் ஒரு சாண் இடைவெளியில் வைத்துக் காட்டினேன். பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். "இது?" அதற்கும் காட்டினேன். ஒவ்வொரு கட்டிலாக அவர் கேட்டுக்கொண்டே போனார். அவர் தோளிலிருந்து நான் எடுத்த பறவைகள்தான் எல்லாம். ஒவ்வொன்றும் இவ்வளவு இருக்கும் என்று என் கையால் அளந்து அவருக்குக் காட்டிக்கொண்டே நானும் போனேன்.